இன்னொரு பரிசல்

"என்னங்க, இன்னொரு பரிசல் வாங்கணும்" என்று அவள் சொன்னது, வலையை உதறிக் கழியில் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில். எனக்குச் சுருக்கென்றது. பதினான்கு வருடமாக ஒரே பரிசலில் போகிறோம். அவள் துடுப்புப் போடுவாள், நான் வலை விடுவேன். இடம் போதவில்லை என்றோ, இடுப்பு நோகிறது என்றோ ஒருநாளும் அவள் சொன்னதில்லை. இப்போது எதற்கு இன்னொன்று? தனி அடுப்புக் கேட்பதுபோல் இருந்தது அந்தச் சொல். பதில் சொல்லாமல், வலையில் சிக்கியிருந்த ஒரு நத்தை ஓட்டை எடுத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பிறந்தது மேட்டூர் நீர்த்தேக்கத்தின் கரையில், பண்ணவாடியில். 1934இல் கட்டி முடிந்த அந்த அணை 120 அடி நிறைந்தால் 93.47 டி.எம்.சி. தண்ணீர் பிடிக்கும். அது நிறைய நிறைய ஊர்கள் உள்ளே போயின. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் பழைய தேவாலயத்தின் கோபுரமும் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் வெளியே தலைகாட்டும். அந்தப் பெருநீரில் கணவனும் மனைவியுமாகப் பரிசல் ஏறுவது வழக்கம். சாயங்காலம் வலையைக் கட்டிவிட்டு விடியுமுன் போய் எடுப்பார்கள். பெண் துடுப்புப் பிடிப்பதை அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளுடைய அம்மா துடுப்புப் போட்டவர், பாட்டியும்தான்.

நான் கொள்ளிடக் கரைக்காரன். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை எங்கள் ஆறு. எங்கள் பக்கத்தில் பெண்கள் மீன் விற்பார்கள், வலையைச் செப்பம் பார்ப்பார்கள், கருவாடு போடுவார்கள். துடுப்புப் பிடித்து நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் மாதம், கூட வரும் பங்காளி வராத ஒரு விடியலில், அவள் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பரிசலில் ஏறினாள். அன்றிலிருந்து எனக்கு வேறு துணையாள் தேவைப்படவில்லை. மேட்டூரில் அவள் விட்டுவிட்டு வந்த தண்ணீர்தான் முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகி எங்கள் துறைக்கு வருகிறது என்று நான் அப்போது சொல்வதுண்டு. "தண்ணி வரும், தண்ணிக்கு வழி தெரியும்" என்பாள்.

பரிசலைக் கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு கூடை. ஏறி உட்கார்ந்தவருக்குத்தான் அதன் குணம் தெரியும். அதற்கு முன்பக்கமும் கிடையாது, பின்பக்கமும் கிடையாது. படகுக்கு அடியில் நேர்கோட்டில் ஓடும் முதுகெலும்பு இதற்கு இல்லை. துடுப்பைப் பக்கவாட்டில் போட்டு வலித்தால் பரிசல் நின்ற இடத்திலேயே சுற்றும். துடுப்பை முன்னால் ஊன்றித் தன் பக்கம் இழுக்க வேண்டும். ஒரு இழுப்பு சற்று இடமாக, அடுத்தது சற்று வலமாக. போட வேண்டியது எந்தப் பக்கம் என்று கை யோசிக்கக் கூடாது. ஒருவர் இந்த விளிம்பில் இருந்தால் மற்றவர் எதிர் விளிம்பில் இருந்தாக வேண்டும். மீன் கனத்து நான் குனிந்தால், நான் குனிகிறேன் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்து, அவள் எதிர்ப்பக்கம் சாய்வாள். பதினான்கு வருடத்தில் நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். துடுப்புப் போடுகிறவர் போகும் திசையைப் பார்த்து உட்காருவார். வலை விடுகிறவர் விட்டுவந்த திசையைப் பார்த்து உட்காருவார், வலை பின்னால்தானே இறங்கும். ஆக, ஒரே பரிசலில் போகிற கணவனும் மனைவியும் முதுகுக்கு முதுகாகத்தான் இருக்கிறார்கள். கரையிலிருந்து பார்த்து "எவ்வளவு ஒற்றுமை" என்று சொன்னவர்கள் உண்டு. ஒற்றுமை உண்மைதான். ஆனால் தண்ணீரின் மேல் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது என்பதும் உண்மை.

வாங்குவது என்று ஆனபின், எதை வாங்குவது? எங்கள் தண்ணீரின் குணம் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கொள்ளிடம் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு அல்ல. காவிரி கொள்ளாத வெள்ளத்தைச் சுமப்பதற்கான ஆறு. வந்தால் கரை கொள்ளாமல் வரும், போனால் மணலைக் காட்டிவிட்டுப் போகும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகளை அடித்துக்கொண்டு போன ஆறு அது. 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் கட்டிய அணை. அதே காலத்தில் அவர் கட்டிய கீழணை எங்களுக்குக் கிழக்கே அணைக்கரையில் நிற்கிறது. அங்கே தேங்கும் தண்ணீரில் மீன் நிற்கும், முதலையும் நிற்கும். ஆற்றில் தண்ணீர் வற்றினால் நாங்கள் ஏரிகளுக்குப் போக வேண்டும். பெரம்பலூர்ப் பக்கம் மழையை நம்பிய ஏரிகள், பச்சைமலை அடிவாரத்தில் விசுவக்குடி நீர்த்தேக்கம். அரியலூரில் ராஜேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம், இன்று பொன்னேரி. கங்கை வெற்றிக்கு நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்லும் ஏரி அது. கரைவெட்டி பறவைகளுக்கு உரியது. 1999 முதல் சரணாலயம், 2024 முதல் ராம்சார் ஈரநிலம். அங்கே நாங்கள் போவது வலையில்லாமல், பட்டைத்தலை வாத்துகளைப் பார்க்க மட்டும்.

ஆக, எங்களுடையது இடம் மாறும் தண்ணீர். அதற்கு ஏற்ற கலம், தூக்கிக்கொண்டு போகக்கூடிய கலம். பரிசல் இந்தப் பக்கம் நிலைத்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். தண்ணீரில் அது நம்மைச் சுமக்கும், கரையில் நாம் அதைச் சுமக்கலாம். தலையில் கவிழ்த்து நடந்தால் வெயிலுக்குக் குடை, மழை வந்தால் அடியில் உட்கார்ந்துகொள்ளக் கூரை.

இது இன்று நேற்றுத் தோன்றிய அறிவல்ல. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கிரேக்க ஆசிரியர் ஹெரோடோட்டஸ், பாபிலோனுக்கு ஆற்று வழியாக வரும் வட்டமான தோல்படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கேடயம்போல் வட்டம். இரண்டு பேர் நின்றபடி வலிப்பார்கள், ஒருவர் துடுப்பைத் தன் பக்கம் இழுக்க மற்றவர் வெளியே தள்ளுவார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதை இருக்கும். சரக்கை விற்றபின் படகின் சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு கால்நடையாக ஊர் திரும்புவார்கள். 1520 வாக்கில் விசயநகரம் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பாயஸ், துங்கபத்திரையில் கூடைபோன்ற வட்டப் படகுகளில் ஆட்களோடு குதிரையும் மாடும் கடந்ததையும், அவை சுற்றிக்கொண்டே போனதையும் குறித்து வைத்தார். தோல் போய்ச் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்திருக்கின்றன, இப்போது ஃபைபரும் வந்துவிட்டது. வட்டம் மாறவில்லை.

ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்களிடம் இருந்து உலகத்துக்குப் போன கயாக் என்ற படகும் ஒரு காலத்தில் தோல்கலம்தான். இன்று அது பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டு, தூண்டில் செருகும் குழாயோடும் மீன்பெட்டி வைக்கும் இடத்தோடும் வருகிறது. அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டும் வகையில் அடியில் துளைகள் இருக்கும், ஏறிய தண்ணீர் தானே வடிந்துவிடும். நம் கட்டுமரத்தில் மரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி செய்கிற வேலைதான் இது. இருவர் சேர்ந்து ஓட்டும் கயாக்கும் உண்டு. அதற்கு மேலைநாட்டில் 'விவாகரத்துப் படகு' என்று பட்டப்பெயர். இருவர் துடுப்பும் ஒரே தாளத்தில் விழாவிட்டால் ஒன்றோடொன்று மோதும், பிறகு வாய்ச்சண்டை. அதனால் கணவனும் மனைவியும் ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது நல்லது என்று அங்கே அனுபவப்பட்டவர்கள் சொல்வார்களாம்.

ஆனால் என்னை நிறுத்திவைத்த செய்தி வேறு. பழைய இன்யூட் கயாக்கை ஓட்டுபவரின் உடம்பை வைத்தே அளந்து கட்டினார்கள். அவருடைய கை விரிப்பு எவ்வளவு, இடுப்பு அகலம் எவ்வளவு, முழம் எவ்வளவு, அதுதான் அளவு. செருப்பைப்போல அது ஒருவருக்கானது. அதற்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் பெண்கள். வேட்டைக்கான கயாக் ஆணின் அளவு. குடும்பத்தையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் ஏற்றிப்போகும் உமியாக் என்ற பெரிய படகைப் 'பெண்களின் படகு' என்றார்கள், பெரும்பாலும் பெண்கள் வலித்ததால். எங்கள் பரிசலோ இருவர் ஏறும் கலம். அது யாருடைய அளவு? எட்டடி விட்டம், உயர்ந்த விளிம்பு, என் தோளுக்கு ஏற்ற துடுப்பு. பதினான்கு வருடம் அவள் என் அளவில் துடுப்புப் போட்டிருக்கிறாள். இதை நான் யோசித்ததே அவள் இன்னொன்று கேட்ட பிறகுதான்.

காவிரிக் கரையில் பரிசல் முடைகிற ஒரு இடத்துக்கு இருவரும் போனோம். பச்சை மூங்கிலைப் பிளந்து, பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, நடுவில் மிதித்துக்கொண்டு ஓரங்களை வளைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தார் காய்ச்சும் வாசம். விற்பவர் என்னிடம் மட்டும் பேசினார். எத்தனை கிலோ மீன் ஏற்றுவீர்கள், ஆறா ஏரியா, பாறை உண்டா என்று எல்லாக் கேள்வியும் என்னைப் பார்த்து. அவள்தான் ஓட்டப்போகிறாள் என்றேன். "வீட்டம்மாவுக்குத்தானா? அப்ப இது போதும்" என்று மூலையில் கிடந்த ஒரு பழையதைக் காட்டினார். அடியில் இரண்டு ஒட்டு இருந்தது.

அவர்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டிலிருந்து புறப்படும்போதே நானும் ஒன்றை முடிவுசெய்து வைத்திருந்தேன். புதியதை நான் எடுத்துக்கொண்டு எங்கள் பழைய பரிசலை அவளுக்கு விட்டுவிடுவது. யாரும் சொல்லித்தராமலே வந்த முடிவு. 'இரண்டாவது' என்றால் நம் மனத்தில் அதன் பொருள் எண்ணிக்கை அல்ல, தரம். பேருந்திலேயே இதைச் சொல்லியிருந்தேன். அவள் கொஞ்ச நேரம் வெளியே பார்த்திருந்துவிட்டுச் சொன்னாள்: "பழசு உங்களுக்குப் பழகுனது. புதுசு எனக்குப் பழகட்டும்."

அவள் தேர்ந்தெடுத்த விதத்தை அருகிலிருந்து பார்த்தேன். முதலில் விலை கேட்கவில்லை. ஆறடிப் பரிசல் ஒன்றைக் கவிழ்த்து, உள்ளே தலையைக் கொடுத்து, முழங்காலை ஊன்றி, தானே தூக்கி நின்றாள். இருபது முப்பது அடி நடந்தாள். திரும்பும்போது ஒரு காலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள், கழுத்து தாங்குகிறதா என்று. பிறகு நிமிர்த்தி வைத்து உள்ளே மண்டியிட்டு, விளிம்புக்கு மேலே கையைப் போட்டுக் கீழே நீட்டினாள். விரல் எதுவரை இறங்குகிறது என்று பார்த்தாள். அக்குள் விளிம்பில் இடித்தால் வேண்டாம் என்று ஒதுக்கினாள். இப்படி நான்கு பரிசலில் ஏறி இறங்கினாள். துடுப்பை நெஞ்சுக்கு நேரே நிறுத்தி, மேல் கை கண்ணுக்கு மேலே போகாத நீளத்தில் ஒன்றை எடுத்தாள். விற்பவர் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபைபர் நீடித்து உழைக்கும் என்றேன். உண்மைதான். தார் அடிக்க வேண்டியதில்லை, மூங்கில்போல் உளுக்காது. ஆனால் அடி பிளந்தால் பிசினும் ஃபைபர் பாயும் வாங்கி, தெரிந்தவரைக் கூப்பிட வேண்டும். மூங்கில் என்றால் நாமே ஒரு பிளாச்சைச் செருகி, சாக்கை ஒட்டி, தார் பூசிவிடலாம். அதற்கும் ஒரு விலை உண்டு, ஒவ்வொரு தார்ப் பூச்சும் கனத்தைக் கூட்டும். ஏரிகளில் தெர்மாகோல் தெப்பத்திலும் லாரி ட்யூபிலும் மிதந்து வலை கட்டுகிறவர்கள் நிறையப் பேர். சிமெண்ட் லாரிகள் ஓயாத அரியலூரில் பழைய ட்யூபுக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டியதில்லை. இல்லாதவர்களின் கலம் அது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மணிக்கணக்கில் இருப்பது உடம்பைத் தின்னும். அவள் மூங்கிலையே எடுத்தாள். "நானே ஒக்கிட்டுக்குற மாதிரி இருக்கணும்" என்றாள்.

அன்று திரும்பும் வழியில்தான் கேட்டேன், ஏன் இன்னொன்று என்று. இரண்டு மாதம் மனத்தில் வைத்திருந்த கேள்வி. அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நீங்க கவுந்தா நான் எதுல வந்து தூக்குறது? நாம ரெண்டு பேரும் ஒண்ணாக் கவுந்தா, புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?"

அவள் ஊரில் ஒரு தம்பதி ஒரே பரிசலில் போய்த் திரும்பாமல் போனது அவளுக்குப் பத்து வயதில். இந்தப் பதினான்கு வருடமும் அதைச் சுமந்துகொண்டுதான் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். தனி அடுப்பு என்று நான் நினைத்தது, என்னைக் காப்பாற்ற ஒரு கலம்.

பிரிவது என்றாலே உடைவது என்று நாம் பழகிவிட்டோம். எங்கள் இரண்டு மாவட்டங்களும் இப்படித்தான். 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது, 2002இல் மறுபடி சேர்ந்தது, 2007 நவம்பரில் திரும்பவும் தனி மாவட்டமானது. மருதையாறு இதைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பெரம்பலூரில் புறப்பட்டு அரியலூர் வழியாகக் கொள்ளிடத்தில்தான் போய்ச் சேருகிறது. தனித்தனிக் கரை இருப்பதால் தண்ணீர் இரண்டாகிவிடாது.

இப்போது இரண்டு பரிசலில் போகிறோம். வலையின் ஒரு தலைப்பை முன்பெல்லாம் முளையில் கட்டுவோம், இப்போது அதை அவள் பிடித்துக்கொள்கிறாள். நான் வளைத்துக்கொண்டு வருகிறேன். சில நாள் மாற்றிக்கொள்கிறோம், அவள் வலை விடுவாள். அவளுக்குக் கண்ணி சிக்காது, எனக்கு இன்றும் சிக்கும். இரண்டு பரிசலிலும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறது, ஒரு நீளக் கயிறு இருக்கிறது. வலை வளைந்து நெருங்க நெருங்க, பத்து முழ தூரத்தில், எதிர்வெயிலில் அவள் முகம் தெரிகிறது. துடுப்புப் போடும்போது அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். பதினான்கு வருடம் அருகிலேயே இருந்தும் எனக்குத் தெரியாமல் போன செய்தி இது.

ஒரு காரியம் மிச்சமிருந்தது. பரிசல் யார் பெயரில்? எங்கள் வீட்டில் மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை என் பெயரில் இருந்தது. வலை விடுகிறவன் மீனவன், துடுப்புப் போடுகிறவள் அவனுடைய மனைவி. எந்தப் பதிவேட்டிலும் அவளுக்கு வேறு பெயர் இல்லை. 2020இல் வந்த பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் தனிப்பட்ட பயனாளிகளுக்கான மானியம் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு என்று வகுத்தார்கள். காகிதத்தில் அவளுக்கு இடம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் உட்கார முதலில் அவள் மீனவராக எழுதப்பட வேண்டும். கேரளத்தில் திருச்சூர் மாவட்டத்துச் சேற்றுவாய் கே.சி. ரேகா, உடன்வரும் ஆட்கள் நின்றுபோனபின் கணவர் கார்த்திகேயனோடு கடலுக்குப் போகத் தொடங்கினார். ஆழ்கடல் மீன்பிடிக்க உரிமம் பெற்ற நாட்டின் முதல் பெண் என்று 2017இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அவரைக் கௌரவித்தது. சுதந்திரம் வந்து எழுபது ஆண்டுக்குப் பிறகு, முதல் பெண். அதுவரை கணவனோடு கலம் ஏறிய எத்தனையோ பெண்கள் நம் ஆறுகளிலும் ஏரிகளிலும் கணக்கில் வராமலே கரை ஏறியிருக்கிறார்கள்.

இதை வாசிக்கிறவர்களில் சங்கத்தில் பெயர் எழுதுகிறவர் இருக்கலாம். மனைவியோடு கலம் ஏறுகிறவர் இருக்கலாம். வண்டியோ தறியோ தையல் மிஷினோ, வீட்டுக்கு இரண்டாவதாக ஏதோ ஒன்று வாங்க இருப்பவர் இருக்கலாம். எல்லோரிடமும் எனக்கு ஒரே வேண்டுகோள். எதை வாங்குவது என்று தேடுமுன், யார் கையில் அது இருக்கப்போகிறதோ அவரிடம் ஏன் என்று கேளுங்கள். பதில் வர இரண்டு மாதம் ஆனாலும் காத்திருங்கள். அவர் தூக்கிப் பார்க்கட்டும், கையை நீட்டிப் பார்க்கட்டும். வாங்கியபின் அதை அவர் பெயரில் எழுதுங்கள்.

எங்கள் புதிய பரிசலின் உள்விளிம்பில், தார் படாத ஒரு மூங்கில் பிளாச்சில், எங்கள் மகள் சுண்ணாம்பால் அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு நாளும் தண்ணீர் பட்டு அழிகிறது. ஒவ்வொரு நாளும் அவள் திரும்ப எழுதுகிறாள்.